புத்தகத்தில்தான் தப்பு என்றேன்

நான் பெற்ற மகள் மேல் எனக்குப் பொறாமை வந்தது. அந்தப் பொறாமையில் என் மனைவியைக் கணக்குப் பரீட்சையில் தோற்க வைத்தேன்.

இரண்டே வரிதான். இதை எழுத எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று...

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. முகம் தெரிந்தவர்கள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. டீக்கடையில் சர்க்கரை குறைவாகப் போடுங்கள் என்று கேட்கக்கூடக் கூச்சம். கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். படிப்பு ஐந்தாவது வரைக்கும்தான். எடைமேடையில் லாரி வராத நேரத்தில் பழைய தினசரிகளை ஒரு வரி விடாமல் படிப்பேன். எழுத்து அப்படி வந்ததுதான்.

திருவொற்றியூரில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரம், அந்த எடைமேடை. பதினெட்டு வருடமாக அங்கேதான் வேலை. லாரியை இரும்புத் தட்டின் மேல் ஏற்ற வேண்டும். எல்லாச் சக்கரமும் உள்ளே நிற்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். டிரைவரையும் கிளீனரையும் கீழே இறக்க வேண்டும். பிறகு கண்ணாடி அறையில் இருப்பவருக்குக் கை காட்ட வேண்டும். அவர் சீட்டு அடிப்பார். சரக்கோடு ஒரு எடை, காலியாக ஒரு எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. நாள் முழுக்கக் கை காட்டுகிற வேலை. பேச வேண்டியதே இல்லை. எனக்கு ஏற்ற வேலை.

ஆனால் ஒருத்தியிடம் மட்டும் நான் பேசுவேன். மல்லிகா. என் மனைவி.

மாலையில் நான் வீட்டுக்கு வந்து கால் கழுவி உட்கார்ந்ததும், மீன் ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ கேட்பாள்: "இன்னிக்கு இன்னா வண்டிய்யா வந்துச்சி?"

அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வி போதும். எனக்குள் மடை திறந்துகொள்ளும். எந்த வண்டி, எந்த ஊர், எந்த டிரைவர் என்ன தகிடுதத்தம் செய்தான்... எல்லாம் சொல்வேன். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட அவள் கேட்காமல் இருந்ததில்லை.

ஒரு கதையை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் வேண்டியிருக்கும்.

பழைய இரும்பு ஏற்றும் லாரி ஒன்று. காலி எடைக்கு வந்தபோது, அந்த டிரைவர் ஸ்டெப்னியை, அதாவது மாற்று டயரை, கழற்றி டீக்கடைக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு வந்தான். சரக்கோடு வந்தபோது ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டான். அது போதாதென்று தார்ப்பாய்க்கு அடியில் இன்னும் மூன்று டயர்களைத் திணித்துக்கொண்டு வந்தான். எல்லாம் சரக்கு கூடுதலாகத் தெரிவதற்கு! நான் கண்டுபிடித்தேன். கண்ணாடி அறைக்காரர், மூன்று டயர் எடையைக் கழித்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். நான் நான்கு விரலைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. காலி எடையில் ஒன்று குறைந்திருந்தது அல்லவா? அந்தக் குறைவையும் சேர்த்தால்தானே இரண்டு எடைக்கும் நடுவே உள்ள வித்தியாசம் தெரியும்? நான்கு டயர் எடையைக் கழித்த பிறகுதான் கணக்கு நேரானது.

இதைச் சொன்ன அன்று மல்லிகா மீன் ஆய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "தோ பாரு, கொறஞ்சிகீறதையும் கூட்டணுமா? உனக்கு எம்மா மூளைய்யா" என்றாள்.

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருடம் வாழ்ந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

மல்லிகா பால்வாடியில் ஆயா. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவது, மூக்குச் சளி துடைப்பது, பாய் விரிப்பது. பதினோரு வருடம் அந்த வேலை. அங்கே டீச்சராக இருந்தவர் ஓய்வு பெறப் போகிறார், பத்தாவது தேறியிருந்தால் அந்த இடம் உனக்குத்தான் என்று மேலதிகாரி அம்மாள் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த ஒரு தடவைதான். அதற்குள் தேறாவிட்டால் வயது வரம்பு தாண்டிவிடும்.

பதினாறு வயதில் பத்தாவது எழுதி, கணக்கில் மட்டும் தோற்றுப் படிப்பை விட்டவள் அவள். இப்போது அந்த ஒரு பாடத்தைத் தனித்தேர்வராக எழுத முடிவு செய்தாள். ஆயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வாயெல்லாம் டீச்சர் என்று கூப்பிட வேண்டும்... அதுதான் அவள் ஆசை. வேறொன்றும் இல்லை.

சொல்லிக்கொடுத்தது எங்கள் ஒரே மகள் நிவேதா. அப்போது பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. கணக்கு டீச்சராவதுதான் அவள் கனவு. எங்கள் குடியிருப்பில் நான்கைந்து பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்து அப்போதே சொல்லிக்கொடுப்பாள். அந்த வரிசையில் இப்போது அவள் அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

மற்றதெல்லாம் மல்லிகாவுக்கு எப்படியோ பிடிபட்டது. இரண்டு சமன்பாட்டை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, எக்ஸையும் ஒய்யையும் கண்டுபிடிக்கிற கணக்குதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. நிச்சயம் கேட்பார்கள், ஐந்து மதிப்பெண் என்று நிவேதா சொல்லியிருந்தாள். ஆகவே தினமும் மாலை அந்தக் கணக்குதான்.

நான் வருவேன். கால் கழுவுவேன். உட்காருவேன்.

இருவரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

"ம்மா, ரெண்டு பேரும் ஒண்ணா வூட்ல கீற வரைக்கும் யாரு எவ்ளோனு தெரியாது. ஒர்த்தர வெளிய தொரத்து. அப்பதான் இன்னொருத்தர் மாட்டுவாரு" என்பாள் மகள்.

"எக்ஸ தொரத்திரவா? பாவம்டி, மழ பேஞ்சிகினு கீது" என்பாள் தாய்.

இருவரும் சிரிப்பார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்! மல்லிகா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இருபது வருடத்தில் பார்த்ததில்லை.

நான் தினசரியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட எக்ஸ் நான்தான் என்று தோன்றும். எவ்வளவு அற்பமான எண்ணம்! ஆனால் தோன்றியது. என்ன வண்டி வந்தது என்ற கேள்வி முதலில் ஒரு நாள் நின்றது. பிறகு வாரக்கணக்கில் நின்றது. தட்டில் சோறு வந்தது, குழம்பு வந்தது. கேள்வி மட்டும் வரவில்லை.

மகள் அல்லவா, அவளிடம் என்ன போட்டி என்று கேட்பீர்கள். நானும் என்னை அப்படித்தான் கேட்டேன்... உங்களுக்குப் பேச ஆயிரம் பேர் இருக்கலாம். எனக்கு இருந்தது ஒருத்தி. அவளை ஒரு பதினாறு வயதுப் பெண் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு என்னிடமிருந்து எடுத்துப் போய்விட்டாள். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொள்வதைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை. அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்!

ஆனால் ஒன்று நடந்தது. தினசரிக்குப் பின்னால் இருந்தபடி நானும் கற்றுக்கொண்டேன். காதில் விழுந்துகொண்டே இருந்ததால் மெல்ல மெல்ல விளங்கியது. மேல் வரி ஓர் எடை, கீழ் வரி ஓர் எடை, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது. பதினெட்டு வருடமாக நான் செய்கிற வேலை!

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். "இது நம்ம சரக்கு எட, காலி எட மாரிதானே" என்றேன்.

நிவேதா என்னைப் பார்த்து அன்பாகத்தான் சொன்னாள். "நைனா, இது வேற."

மல்லிகா சிரித்தாள். "லாரிய வுட்டா உங்க நைனாக்கு ஒண்ணும் தெரியாதுடி" என்றாள். கேலிதான். என்னிடம் எப்போதும் செய்கிற கேலி. ஆனால் அன்றைக்கு அது மகளின் பக்கத்தில் உட்கார்ந்து செய்த கேலி. நான் தினசரியை மறுபடி தூக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தக் கணக்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை... அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

பரீட்சை செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு நிவேதா தண்டையார்பேட்டையில் என் தங்கை வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்தாள். மல்லிகா படிக்க வேண்டும் என்று போகவில்லை. எனக்கும் அன்று விடுமுறை. நீண்ட நாளைக்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அவள் தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய கையேடு, கடைசிப் பக்கங்களில் விடைகள். ஒரு கணக்கை மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் புத்தகத்து விடை வரவில்லை. ரப்பரால் அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிட்டது. அழுதுவிடுவாள் போலிருந்தது.

"இன்னாய்யா இது. எக்ஸ் நாலு, ஒய் மூணுன்னு போட்டுகீறான். எனக்கு ஒய் ஆறுன்னே வருது. எக்ஸு மைனஸ் அரைன்னு வருது" என்றாள். "நீதான் கணக்குல கில்லாடியாச்சே. எங்க போவுதுனு பாரேன்."

நோட்டை என் பக்கம் திருப்பினாள். பதினைந்து நாளுக்கும் மேலாக ஒரு கேள்வி கேட்காதவள், என்னைக் கேட்டாள்!

மேல் வரியில் இரண்டு எக்ஸ், கூட்டல் மூன்று ஒய், பதினேழு. கீழ் வரியில் இரண்டு எக்ஸ், கழித்தல் ஒரு ஒய், ஐந்து.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடிகூட ஆகவில்லை. மேலே மூன்று டயர் கூடுதல். கீழே ஸ்டெப்னி குறைவு. நடுவே நான்கு டயர். இவள் மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்து இரண்டு என்று எழுதியிருக்கிறாள். பன்னிரண்டை நான்கால் வகுக்காமல் இரண்டால் வகுத்திருக்கிறாள். நிவேதா பக்கத்தில் இருக்கும்போதெல்லாம், குறியை மாற்று, குறியை மாற்று என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். இவளும் மாற்றிவிடுவாள். சொல்ல ஆள் இல்லாத இன்றைக்கு மறந்துவிட்டாள்.

என் வாய் வரை வந்தது. ஸ்டெப்னி என்ற ஒரு சொல் போதும். அவளுக்கு அந்தக் கதை தெரியும். அந்த நொடியே பிடித்துக்கொண்டிருப்பாள்.

அப்போது அவள் சொன்னாள்: "சரி வுடு. நிவி வந்துரட்டும். அவ ஒரே செகண்ட்ல சொல்லிருவா."

நிவி வந்துவிடட்டும்...

நான் நோட்டை மறுபடி பார்ப்பது போல நடித்தேன். விரலால் வரி வரியாகத் தடவினேன். பிறகு சொன்னேன்:

"நீ கரெக்டாத்தான் போட்டுகீற. புக்குலதான் தப்பு."

அவள் நம்பினாள். ஏன் நம்ப மாட்டாள்? போன வாரம்தான் அதே கையேட்டில் ஓர் அச்சுப்பிழையை நிவேதா கண்டுபிடித்திருந்தாள். அதோடு, எடை விஷயத்தில் நான் பொய் சொல்லி அவள் பார்த்ததே இல்லை.

"அதானே பாத்தேன்" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. கையேட்டை மூடி அலமாரியில் வைத்தாள். நிவேதா வந்தால் கேட்க வேண்டும் என்பதையே மறந்துபோனாள். நான் சொல்லிவிட்டேனே, இனி கேட்க என்ன இருக்கிறது?

பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். கேட்டாள்:

"இன்னா வண்டிய்யா வந்துச்சி நேத்து?"

நான் சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன். எண்ணூரிலிருந்து வந்த சாம்பல் லாரியைப் பற்றி, பிரேக் பிடிக்காமல் மேடையைத் தாண்டிப் போன டிரெய்லரைப் பற்றி... அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சந்தோஷமாக இருந்தேன். கேளுங்கள்: சந்தோஷமாக இருந்தேன்! அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அதைச் செய்தேன்.

அன்று மாலை சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை சொல்லியிருக்கலாம். செவ்வாய் காலை அவள் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு செருப்பு மாட்டும்போதுகூடச் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. ஒரு கணக்கில் என்ன வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை முடிந்து வந்தபோது அவள் முகம் தெளிவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்ட மாதிரியே ஒரு கணக்கு வந்தது, அப்படியே போட்டுவிட்டேன் என்றாள். நான் தினசரியை எடுத்து விரித்துக்கொண்டேன்.

முடிவு வந்தது. தேற முப்பத்தைந்து வேண்டும். அவளுக்கு முப்பத்திரண்டு.

அழவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அந்த மாதமே பால்வாடிக்குப் புது டீச்சராக ஓர் இளம்பெண் வந்தாள். மல்லிகா அவளுக்கு எந்தப் பாய் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தாள்.

நிவேதாவால்தான் தாங்க முடியவில்லை. கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எப்படிப் போட்டாய் என்று அம்மாவைக் கேட்டாள். அந்தக் கணக்கு வந்தது. மல்லிகா போட்டுக் காட்டினாள். மகளின் கையிலிருந்த பென்சில் நின்றுவிட்டது.

"ம்மா... கீழ மைனஸ் கீதே. கழிச்சா கூடுமே. எத்தினி தபா சொன்னேன்."

"கூடுமா? எப்பிடிடி?"

நிவேதா குறியை மாற்றும் விதியைச் சொன்னாள். மல்லிகாவுக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னாள். நான் சுவரோரம் இருந்தேன், தினசரிக்குப் பின்னால். மல்லிகா அந்த இரண்டு வரிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்:

"இது ஸ்டெப்னிடி. உங்க நைனா சொல்லுமே... அந்தக் கத."

நிவேதாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தினசரியைத் தாழ்த்த எனக்குத் தைரியம் இல்லை. தாழ்த்தியிருந்தால் மல்லிகாவின் கண்ணைப் பார்த்திருப்பேன்.

அவள் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றும் இல்லை, இன்று வரைக்கும் இல்லை. உங்க நைனா பார்த்துச் சரி என்றாரே என்று ஒரு வரி சொல்லியிருந்தால் மகளின் பாரம் இறங்கியிருக்கும். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக விட்டாளா? நானே சொல்லட்டும் என்று விட்டாளா? எனக்குத் தெரியவில்லை... கேட்கவும் முடியவில்லை.

"தப்பு என்னுதுதான்மா" என்றாள் நிவேதா. "ரூலாவே சொல்லிகினு கீறேன். ஏன்னு புரியிற மாரி சொல்லல. பக்கத்துல குந்திகினு ஒவ்வொரு தபாவும் நானே குறிய மாத்தச் சொல்லி வுட்டேன்."

அந்த வாரம் வராந்தாப் பிள்ளைகளை இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டாள்.

இப்போது அவள் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். போன சனிக்கிழமை கல்லூரி விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தாள். பெற்றோர் கையெழுத்து வேண்டும். பாடப்பிரிவு என்று இருந்த இடத்தில் வணிகவியல் என்று எழுதியிருந்தாள். கணக்கு என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

"எனக்குச் சொல்லிக்குடுக்க வராது நைனா. அம்மாவுக்கே வரல" என்றாள்.

அடுப்படியில் மல்லிகா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நின்றது. அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. எனக்காகக் காத்திருக்கும் முதுகு.

பேனா என் கையில் இருந்தது. தப்பு உன்னுடையது இல்லை என்று ஆரம்பித்திருந்தால் போதும். மீதி தானாக வந்திருக்கும். லாரியை விட்டு இறங்கு, இறங்கு என்று கை காட்டியே பதினெட்டு வருடமாக ஊரையெல்லாம் இறக்கிவிட்டவன், நான் மட்டும் இறங்கவில்லை...

கையெழுத்துப் போட்டேன்.

சிறிது நேரம் கழித்து, தேங்காய் துருவும் சத்தம் மறுபடி கேட்டது.

விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். இன்று புதன். காகிதம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, அந்தப் பழைய கையேட்டுக்கு மேலே. உங்களுக்கு இவ்வளவு எழுதிவிட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டியது முதலில் நான் எழுதிய அந்த இரண்டு வரிதான். வாய் வரவில்லை.

இன்று மாலையும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கால் கழுவினேன். உட்கார்ந்தேன். மல்லிகா தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

என்ன வண்டி வந்தது என்று அவள் கேட்கவில்லை.